ஊட்டிக் கதையில் ஒரு திருத்தம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸில் இருப்பவர்கள் சாயங்காலம் காபி போட்டுக்கொண்டு படியுங்கள். போன மாதம் மிளகுக் கொடியைப் பற்றி எழுதியதற்கு "சார், பாதியில் பஸ் ஸ்டாப் வந்துவிட்டது" என்று ஒருவன் கமெண்ட் போட்டிருந்தான். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்த எல்லோருக்கும் ஊட்டி ரயில் கதை தெரியும். முக்கோணவியல் பாடம் தொடங்கும் அன்று அந்தக் கதையைச் சொல்லாமல் நான் சாக்பீஸைத் தொட்டதே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் ரயில் கல்லாறு தாண்டியதும் பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். சுமார் 12 அடிக்கு ஒரு அடி உயரும். அப்படியானால் கோணம் எத்தனை என்று கேட்பேன். "நாற்பத்தைந்து டிகிரி சார்" என்று எப்போதும் ஒரு குரல் வரும். டேன்ஜென்ட் அட்டவணையைப் பார்த்தால் 5 டிகிரிகூட வராது. அந்தச் சின்னக் கோணத்துக்கே இன்ஜின் எப்படி மூச்சு வாங்குகிறது பாருங்கள் என்று சொல்லிவிட்டு, கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் அந்த ரயிலில் போன கதைக்கு வருவேன். கண்ணில் கரித்தூள் விழுந்தது, ரூம் கிடைக்காமல் அலைந்தது, குளிரில் பல் கிட்டியது எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். "ஆனாலும் அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம்" என்று முடிப்பேன். நீங்களும் சிரிப்பீர்கள்.

அந்தக் கடைசி வரி தவறு. போர்டில் தப்பாகப் போட்ட கணக்கை வாத்தியார்தான் அழித்துத் திருத்த வேண்டும். முப்பது வருஷத்துக்கும் மேலாக வகுப்பு வகுப்பாகச் சொன்ன தப்பு என்பதால் இங்கே எல்லோருக்கும் பொதுவாகத் திருத்துகிறேன்.

நடந்தது இதுதான். என் மைத்துனர் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் திருவொற்றியூர், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல பையன். பெண் இங்கேயே வெள்ளக்கடையில் பிறந்து, மலையிலேயே படித்து, இப்போது சேலத்தில் வேலை பார்க்கிறாள். கார்த்திகை மாதக் கடைசியில் ஒருநாள் இரவு அவள் என் மனைவிக்குப் போன் செய்தாள். நான் வாசல் திண்ணையில் இருந்தேன். பனி இறங்கிவிட்டால் இங்கே இரவில் ஒரு சத்தமும் இருக்காது, சமையலறையில் பேசுவது திண்ணைக்குத் தெளிவாகக் கேட்கும். ஸ்பீக்கரில் வேறு போட்டிருந்தாள், கையில் மாவு.

"அத்தை, அவர் மணாலிக்கு புக் பண்ணிட்டாராம். நான் மலைப் பொண்ணு, எனக்குக் குளுருன்னா பிடிக்கும்னு அவரே நெனச்சுக்கிட்டார். ராத்திரி பூரா பஸ்ஸாம் அத்தை. எனக்கு நம்ம இருபது வளைவுக்கே வயித்தப் பொரட்டும், உங்களுக்குத் தெரியுமில்ல. ஆசையா சொல்றவர்கிட்ட வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

என் மனைவி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "சொல்லிருடி. நான் சொல்லாமதான் உங்க மாமாவோட ஊட்டிக்குப் போனேன். ஒரு மலையிலருந்து எறங்கி இன்னொரு மலைக்கு ஏறுன கதை. நாலு நாளும் எனக்கு வீட்டு ஞாபகம்தான். கடலப் பாக்கணும்னு அப்ப அவ்வளவு ஆசை. அவரு கேக்கல, நானும் சொல்லல. அவரு பாட்டுக்குப் பள்ளிக்கூடத்துல நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன்னு கதை சொல்லிக்கிட்டுத் திரியறாரு."

நான் திண்ணையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனால் கேட்டுவிட்டேன் என்று தெரிந்துவிடும். போகாவிட்டாலும் எத்தனை நேரம்தான் பனியில் உட்காருவது. நன்றாகக் குளிர ஆரம்பித்த பிறகுதான் எழுந்து போனேன். தோசை ஆறிப்போயிருந்தது. இருவரும் ஒன்றும் பேசவில்லை.

உங்களில் பலருக்கு அந்தக் காலம் தெரியாது என்பதால் சொல்கிறேன். எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1985-ல், வைகாசியில். நான் சேலத்துச் சமவெளிக்காரன், வேலைக்காக மலையேறியவன். அவள் வெள்ளக்கடை. அவள் அப்பா எஸ்டேட்டில் ரைட்டர். எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் ஹனிமூன் என்றெல்லாம் கிடையாது, விருந்துதான். மறுவீடு முடிந்ததும் மாமா வீடு, சித்தப்பா வீடு, ஒன்றுவிட்ட அக்கா வீடு என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சாப்பிட்டு வேட்டி புடவை வாங்கிக்கொண்டு வருவது. ஆடி வந்தால் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஹனிமூன் என்பது சினிமாவில் நடப்பது. ஸ்ரீதர் இயக்கிய 'தேன் நிலவு' 1961-ல் வந்தது, காஷ்மீரில் போய் எடுத்த படம். அதைப் பார்த்த எங்கள் தலைமுறைக்குத் தேனிலவு என்றால் குளிர், ஏரி, படகு. காஷ்மீருக்குப் பணம் இல்லாதவனுக்கு ஊட்டி. ஸ்டாஃப் ரூமிலும் எல்லோரும் ஊட்டி என்றுதான் சொன்னார்கள். நான் வேறு யாரையும் கேட்கவில்லை. அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கொடுக்கிறவன் நான், என்ன கொடுப்பது என்பதை நான்தானே முடிவு செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அண்ணா போக்குவரத்துக் கழகப் பேருந்தில் சேலத்திலிருந்து கோவை. அங்கிருந்து சேரன் பஸ்ஸில் மேட்டுப்பாளையம். ராத்திரி ஒரு லாட்ஜில் கொசுவோடு தங்கி, விடியுமுன் போய் வரிசையில் நின்று, மலை ரயில். சீசன் நேரம் என்பதால் ஊட்டியில் ரூம் வாடகை இரண்டு மடங்கு. என் சம்பளம் அப்போது ஆயிரத்தைத் தொடவில்லை. நான்கு நாளில் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் போனது. இந்தக் கணக்கை உங்களிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.

இப்போது திரும்ப நினைத்துப் பார்த்தால் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் வேறு அர்த்தம் தெரிகிறது. ஊட்டி ஏரியைப் பார்த்ததும், "நம்ம ஏரி மாதிரியே இருக்கு, கொஞ்சம் பெருசு" என்றாள். தொட்டபெட்டா உச்சியில் 8,600 அடிக்கு மேலே நின்றுகொண்டு, "சேர்வராயன் கோயில்ல நின்னா இதே காத்துதான்" என்றாள். தேயிலைத் தோட்டத்தைக் காட்டியபோது மட்டும், "இது காபி இல்ல" என்றாள். ஊர்ப் பெருமை பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு இதையெல்லாம் வகுப்பில் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறேன். பனியும் குளிரும் ஏரியும் தோட்டமும் இருக்கிற ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கிளப்பி, பனியும் குளிரும் ஏரியும் தோட்டமும் இருக்கிற இன்னொரு ஊரைக் காட்ட ஒரு மாதச் சம்பளத்தைச் செலவழித்த ஒரே கணக்கு வாத்தியார் நானாகத்தான் இருப்பேன்.

அவள் கடலை முதலில் பார்த்தது 2006-ல். பையனுக்கு இன்ஜினீயரிங் கவுன்சலிங், அண்ணா பல்கலைக்கழகத்தில். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது, ராத்திரிதான் ரயில், அதனால் மெரினாவுக்குப் போனோம். நானும் பையனும் சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்து எந்தக் காலேஜ், எந்த பிராஞ்ச் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றவள் ஒரு மணி நேரம் திரும்பவே இல்லை. "அம்மா, ட்ரெயினுக்கு நேரமாச்சு" என்று பையன் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தான். கால் ஈரத்தோடு ஆட்டோவில் ஏறினாள். கல்யாணமாகி இருபத்தொரு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை என்பதையும் இந்தத் திருத்தத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மைத்துனர் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். எப்படிச் சொன்னாளோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்து சேலத்தில் இறங்கி, பஸ் பிடித்து மேலே வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "சார், உங்க கூடக் கொஞ்சம் பேசணும்" என்றார். முறைப்படி வேறு எப்படியோ கூப்பிட வேண்டும், ஆனால் எனக்கு 'சார்' பழகிப்போன சொல். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆசையாகச் செய்தது இப்படி ஆகிவிட்டதே என்று. கோபம் இல்லை. எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் பட்டது. நானாக இருந்தால் 1985-ல் கோபப்பட்டிருப்பேன்.

காலண்டரில் கிழித்த பழைய தாளின் பின்பக்கம் கணக்குப் போட உட்கார்ந்தோம். இதைப் படிக்கிறவர்களில் கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், பிள்ளைகளைப் பெற்றவர்களும் இருக்கிறீர்கள். அதனால் அந்தத் தாளில் இருந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைக் கணக்குப் போடச் சொன்னேன். எல்லோரும் பணத்தில் தொடங்குகிறார்கள், நான் மணியில் தொடங்குவேன். ஐந்து இரவு, ஆறு நாள் என்றால் 144 மணி நேரம். சென்னையில் வீட்டை விட்டுக் கிளம்பி, விமான நிலையத்தில் காத்திருந்து, டில்லியில் இறங்கி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 7 மணி நேரம். அங்கிருந்து மணாலிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல், அதில் மலைப்பாதையும் உண்டு, பஸ்ஸில் 14 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். போக வர 42 மணி நேரம். அதாவது மொத்த நேரத்தில் நூற்றுக்கு 29 பங்கு வண்டியில். ஐந்து இரவில் இரண்டு இரவு பஸ் சீட்டில். ஜனவரியில் ரோதாங் கணவாய் பனியில் மூடியிருக்கும், சோலாங் பக்கம்தான் கூட்டிப்போவார்கள். மலைப்பாதையும் பனியும் பிடித்த ஒருவனுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை, அந்த பஸ்ஸே அவனுக்கு ஒரு கொண்டாட்டம். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு முன் சீட்டில் உட்காருகிற பெண்ணுக்கு அது தண்டனை.

அப்புறம் பணம். மணாலிக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 1,35,000. கையில் இருந்தது 60,000, அதில் 20,000 முன்பணமாகக் கட்டியாகிவிட்டது. மிச்சம் 75,000 கிரெடிட் கார்டில் தவணை. "மாசம் கொஞ்சம்தான் சார் வரும்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு என் மாணவன் ஒருவன் ஞாபகம் வரும். அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றான். கல்யாணமானதும் வெளிநாட்டுக்குப் போக 2,50,000 ரூபாய் பர்சனல் லோன் போட்டான், 14 சதவீத வட்டி, 36 தவணை. மாதம் 8,544 ரூபாய் வரும், நீங்களே போட்டுப் பாருங்கள். மொத்தம் கட்டியது 3,07,584. வட்டி மட்டும் 57,584. போய் வந்தது ஐந்து நாள். "ஊரெல்லாம் நல்லாத்தான் சார் இருந்துச்சு. ஆனா ஒவ்வொரு மாசமும் அஞ்சாம் தேதி எஸ்.எம்.எஸ். வரும்போதெல்லாம் வீட்டில சண்டை. குழந்தை பொறந்து நடக்க ஆரம்பிச்சிருச்சு, தவணை முடியல" என்றான். பெருமாள் கோயில் லட்டு மாதிரி இனித்த விஷயம் மாதாமாதம் கசந்தால் என்ன செய்வது.

இதைச் சொன்னதும் வாத்தியார் கஞ்சன் என்று நினைக்க வேண்டாம். இன்னொரு மாணவி, நர்ஸ். கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே மாதச் சீட்டுப் போட்டுச் சேர்த்து, அவளும் அவள் கணவனும் சிங்கப்பூர் போய் வந்தார்கள். என் மாணவன் செலவழித்ததைவிட அதிகமாகவே செலவழித்திருப்பாள். திரும்பி வந்த மறுநாள் ஒரு பைசா கடன் கிடையாது. இன்றைக்கும் அந்த போட்டோக்களைப் போட்டுக்கொண்டே இருக்கிறாள், நானும் லைக் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

தாளில் ஒரு வரிக்கு நான் 'கணக்கில் வராதது' என்று பெயர் வைத்தேன். பாக்கேஜ்காரர்கள் கொடுக்கிற தாளில் இது இருக்காது. கம்பளிக் கோட்டு வாடகை, மத்தியானச் சாப்பாடு, குதிரைக்காரன், போட்டோக்காரன், டிப்ஸ், இதற்கெல்லாம் மேலே ஊருக்கு வந்ததும் "எனக்கு என்ன வாங்கிட்டு வந்தே" என்று கேட்கிற நம் சொந்தபந்தம். (நீங்கள்தான்.) எந்த ஊரானாலும் போட்ட பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாக அவரிடம் ஒன்று கேட்டேன். "உங்களுக்கு ஊர் சுற்றுவது என்றால் என்ன? ஒரு நாளைக்கு ஆறு இடம் பார்த்து டிக் அடிப்பதா, ஓர் இடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதா?" ரொம்ப யோசித்துவிட்டு, "நான் ஆறு இடம் சார். அவங்க எப்படின்னு தெரியல" என்றார். "போன் எங்கே இருக்கு?" என்றேன். திண்ணையை விட்டு இறங்கி, கொய்யா மரத்தடியில் நின்று முக்கால் மணி நேரம் பேசினார். சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

திரும்பி வந்தவர் முகத்தில் ஒரு சிரிப்பு. அவளுக்குக் கடல் வேண்டுமாம். ரயிலில் ஜன்னலோரம் வேண்டுமாம். காலையில் அவசரமாக எழுந்து கிளம்பக் கூடாதாம். "எனக்குக் கடல் தெனமும் பாக்கறதுதான் சார், வீட்டு மொட்டை மாடியிலருந்தே தெரியும். எனக்கு மலைதான் வேணும். அதான் மணாலி போட்டேன்" என்றார். பாருங்கள், இவரும் அவளுக்காக என்று சொல்லித் தனக்குப் பிடித்ததைத்தான் போட்டிருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை.

உள்ளேயிருந்து என் மனைவி காபியோடு வந்து ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "மலை வேணும்னா மறுவீட்டுக்கு இங்க வரப் போறீங்க இல்ல? மூணு நாளு கூட இருங்க. வாடகை கிடையாது."

இங்கே கொஞ்சம் எங்கள் மலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேனிலவுக்கு ஏற்காடு வரலாமா என்று மாதத்துக்கு ஒருவராவது எனக்கு மெசேஜ் அனுப்புகிறீர்கள். வரலாம். ஆனால் ஊட்டி, கொடைக்கானலை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்றரை நாளில் முடிந்துவிடும்: ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், கரடிக் குகை, கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில், தாவரவியல் துறையின் ஆர்க்கிட் தோட்டம். ஆறு இடம் டிக் அடிக்கிறவர்களுக்கு இரண்டு நாள் போதும். சும்மா உட்காருகிறவர்களுக்கு ஒரு வாரமும் போதாது. செலவு குறைவு, சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான், டவுன் பஸ் மாதிரி பஸ் வருகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும்.

எப்போது வருவது என்பதுதான் முக்கியம். மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி. கூட்டத்தைப் பார்க்கலாம், மலையைப் பார்க்க முடியாது. சனி ஞாயிறு எந்த மாதமானாலும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை வந்து வெள்ளிக்கிழமை காலையில் இறங்கிவிடுங்கள், அதே ரூம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். கிளியூரில் தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் நல்ல மழைக்குப் பிறகு, பாறை வழுக்கும், ஜாக்கிரதை. பெருமழை நாட்களில் மட்டும் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். என்னைக் கேட்டால் மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்த பிறகு வாருங்கள். அந்த மழைக்குக் காபிச் செடி பூக்கும். கிளை தெரியாமல் வெள்ளை. மல்லிகை மாதிரி ஒரு வாசனை. மூன்று நாலு நாளில் பழுப்பாகிப் போய்விடும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் காபியைக் கொண்டுவந்தார் என்று சமூக அறிவியல் டீச்சர் உங்களுக்கு நடத்தியிருப்பார், ஆனால் எந்தப் பரீட்சையிலும் அந்த வாசனையைக் கேட்க மாட்டார்கள். எந்த தேதியில் பூக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் எந்த பாக்கேஜிலும் அது இல்லை. எனக்கு மெசேஜ் போடுங்கள், பூத்ததும் சொல்கிறேன்.

மணாலியை ரத்து செய்தார்கள். முன்பணத்தில் 8,000 பிடித்துக்கொண்டு 12,000 திரும்ப வந்தது. மாப்பிள்ளைக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பஸ் டிக்கெட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ரத்துக்கு எத்தனை நாள் முன்பு சொன்னால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்னால் படியுங்கள். கட்டிய பிறகு படித்துப் பயனில்லை.

அந்தமானைப் பார்த்தோம். பாஸ்போர்ட் வேண்டாம், சென்னையிலிருந்து நேர் விமானம். ஆனால் ஹேவ்லாக் தீவுக்குப் போக மறுபடி கடலில் இரண்டு மணி நேரம் படகு. பஸ்ஸில் புரட்டுகிறவளுக்குப் படகில் என்ன ஆகுமோ. மாலத்தீவு கையில் இருக்கிற பணத்துக்கு எட்டவில்லை. தரங்கம்பாடி எனக்குப் பிடித்த ஊர், டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை கடலோரத்தில் நிற்கிறது, ஆனால் ஒருநாளுக்கு மேல் இருவருக்கும் பொழுது போகாது என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். கடைசியில் வர்க்கலா. கேரளாவில் இருக்கிறது. சேலத்தில் நள்ளிரவில் ரயில் ஏறினால் மறுநாள் முற்பகலில் அங்கேயே இறங்கலாம், வளைவு நெளிவு கிடையாது. அங்கே ஒரு விசேஷம், கடலை ஒட்டியே செம்மண் பாறை மலைபோலச் செங்குத்தாக நிற்கிறது. மேலே நின்றால் காலுக்குக் கீழே கடல். சிவகிரியில் நாராயண குருவின் சமாதி, ஜனார்த்தன சுவாமி கோயில், கீழே பாபநாசம் கடற்கரை. ஒருநாள் கொல்லத்துக்குப் போய் அஷ்டமுடி ஏரியில் படகு. நீர் அசையாது என்பதால் வயிற்றுக்குப் பயமில்லை. ஆறு இடம் பார்க்கிற மாப்பிள்ளைக்காகத் திரும்பும் வழியில் கன்னியாகுமரி சேர்த்துக்கொண்டார்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலத்தில் அவர் மூன்று தடவை நடந்தாராம். அவள் கரையிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

செலவு 38,000. பிடித்த 8,000-ஐச் சேர்த்தாலும் 46,000. கையில் இருந்த 60,000-க்குள் முடிந்தது. கடன் இல்லை.

மறுவீட்டுக்கு முதலில் இங்கே வந்து மூன்று நாள் இருந்தார்கள். கடைசிப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை கூடையைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்கிறேன் என்று போய், காய், பழம், இலை எல்லாம் கலந்து ஒரு கூடை கொண்டுவந்தார். சேர்வராயன் கோயிலுக்கு நடந்தே போய் வந்து, மணாலி இப்படித்தான் இருக்கும் போல என்றார். கிளம்புகிற அன்று என் மனைவி பெட்டியில் ஒரு ஸ்வெட்டரை வைத்தாள். "அத்தை, அங்க வேர்க்கும் அத்தை" என்று மருமகள் எடுத்து வெளியே போட்டாள். இவள் மறுபடி உள்ளே வைத்தாள். அது 1985-ல் ஊட்டிக்குக் கொண்டுபோன அதே பெட்டி மாதிரி எனக்குத் தெரிந்தது. இல்லை, இது வேறு.

வர்க்கலாவிலிருந்து ஒருநாள் சாயங்காலம் வீடியோ கால் வந்தது. மருமகள் முகத்தைக் காட்டாமல் கேமராவைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். இங்கே கொய்யா மரத்தடியில் இருவரும் நின்று பார்த்தோம். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது, சத்தம் மட்டும் விடாமல் வந்தது. "சாப்பிட்டியாடி" என்று கேட்கக்கூட இல்லை இவள். பனி இறங்கிவிட்டது, உள்ளே போகலாம் என்று நான்தான் சொன்னேன். "இருங்க" என்றாள்.

மறுநாள் காலையில் கேட்டேன். நாற்பது வருஷம் தாமதமாக, ஆனால் முறையாக: எங்கே போகலாம், எத்தனை நாள், ரயிலா பஸ்ஸா, என்ன பார்க்க வேண்டும் என்று. காலண்டர் தாளையும் பேனாவையும் அவள் கையிலேயே கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். நான்கு நாள் கழித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: "கடலுக்கு எதிர் ரூம். யார் வீட்டுக்கும் போக வேண்டாம்."

திருவனந்தபுரம், கொல்லம் பக்கம் வேலை பார்க்கிற மாணவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். மாசி முடிந்ததும் வருவதாக எண்ணம். மாடிப்படி அதிகம் இல்லாத இடமாக இருக்க வேண்டும், என் முழங்கால் உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டுக்குக் கூப்பிடாதீர்கள், தாளில் எழுதியிருக்கிறது. சேலத்திலிருந்து லோயர் பெர்த் இரண்டு கிடைக்க எத்தனை நாள் முன்பு புக் செய்ய வேண்டும் என்று ரயில்வேயில் இருக்கிற நம் பையன் சொன்னால் உதவியாக இருக்கும்.